மூன்றாவது சொல்

மன்னார் மாவட்டத்தின் தென்கோடியில், வில்பத்துக் காட்டையொட்டி முள்ளிக்குளம் என்னும் ஊர் இருக்கிறது. 2007ஆம் ஆண்டில், போர்க்காலத்தில், அவ்வூரார் வெளியேற்றப்பட்டனர். அவர்கள் வாழ்ந்த நிலத்தில் கடற்படைத் தளம் எழுந்தது. திரும்பியவர்களிற் பலர் அண்மையிலுள்ள மலங்காட்டில் குடில் கட்டிக்கொண்டனர். 100 ஏக்கரை விடுவிக்கக் கடற்படை இசைந்தது 2017இல்தான். இத்தகையோருக்குப் படிவங்களில் இரண்டு முகவரிகள்: நிரந்தரம் ஒன்று, தற்காலிகம் ஒன்று.

இவர்களின் பதிவேட்டைக் கணிப்பொறியில் பேணும் நிரல் ஒன்றை எண்ணிப் பாருங்கள். அதனை எழுதியவர் இவ்விரு சொற்களையும் முற்றிலும் தலைமாற்றி எழுதிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். திருத்துவது எளிதென்றுதான் தோன்றும். ஆனால் 'நிரந்தர' என்பதையெல்லாம் 'தற்காலிக' என்று மாற்றிய கணத்திலேயே, பழைய தற்காலிகமும் புதிய தற்காலிகமும் கலந்துவிடுகின்றன. அடுத்த கட்டளை அனைத்தையும் நிரந்தரமாக்கும். காட்டுக் குடிலே சொந்த ஊராகிவிடும்!

பாலையும் மோரையும் பாத்திரம் மாற்ற வேண்டிய இல்லத்தரசி மூன்றாவது பாத்திரத்தைத் தேடுகிறாள் அல்லவா? அதுவே இங்கும் உபாயம். கோப்பில் எங்குமே வராத ஒரு சொல்லை, வரவில்லை என்று தேடிப் பார்த்த பின்பே, இடையில் நிறுத்த வேண்டும். முதற்சொல் அதுவாகும், இரண்டாவது முதலாவதாகும், இடைச்சொல் இரண்டாவதாகும்.

இதனினும் செப்பமான வழி, ஒரே நடையில் முடிப்பது. இரண்டில் எது எதிர்ப்பட்டாலும் அவ்விடத்திலேயே மற்றதை இட்டு மேலே செல்லுமாறு தொகுப்பிக்குச் சொல்லலாம். மாற்றிய இடத்தை அது மீண்டும் தொடுவதில்லை. ஈமாக்ஸ் தொகுப்பியின் கையேட்டில், எக்ஸ், ஒய் என்னும் ஈரெழுத்துக்களை இவ்வாறு மாற்றும் எடுத்துக்காட்டே உண்டு. விம் தொகுப்பியிலும் இது இயலும்.

தமிழில் மட்டும் ஒரு தொல்லை மிஞ்சுகிறது. 'நிரந்தரம்' என்று மகரத்தோடு தேடினால் 'நிரந்தர முகவரி' அகப்படாது. ஆகவேதான் மகரமின்றித் தேடினோம். 'நிரந்தரத்தை', 'தற்காலிகத்தை' என்பன அப்போது பிழையின்றி மாறும். ஊர்ப்பெயர்களை இப்படி மாற்ற முயன்றாலோ, குளத்து வேற்றுமையும் காட்டு வேற்றுமையும் பொருந்தாமல் 'மலங்காத்தில்' என்றொரு விந்தை பிறக்கும்! சந்தியையும் எந்திரம் அறியாது. 'இந்தத் தற்காலிக முகவரி' என்பது 'இந்தத் நிரந்தர முகவரி' என்றாகும்; 'இந்த நிரந்தர' என்றிருந்த இடத்திலோ ஒற்றுக் குறையும். முன்னதைத் தேடிக் களையலாம். பின்னதற்கு, திரையில் தோன்றும் வாசகங்களை ஒருவர் இருந்து வாசித்தே தீர வேண்டும்.