சிதறாத சித்தம்

சேர்வராயன் மலையின் உச்சியில், சுமார் 5,300 அடி உயரத்தில், சேர்வராயனும் காவேரி அம்மனும் எழுந்தருளியிருக்கும் குகைக் கோயில் ஒன்று உண்டு. அந்த மலைத் தொடருக்கே பெயர் தந்த தெய்வம் அது. குகை குறுகலானது, எப்பேர்ப்பட்டவரும் குனிந்துதான் செல்ல வேண்டும். சென்ற கோடை விடுமுறையில் நான் அங்கே போயிருந்தபோது, வெளியே உல்லாசப் பிரயாணிகளின் கூச்சலும் படம் பிடிப்போரின் நெருக்கடியுமாக இருந்தது. அவற்றின் நடுவே மலையாளி மூதாட்டி ஒருத்தி, கையில் கற்பூரத்துடன், அக்கம்பக்கம் பாராமல் உள்ளே போனாள். (மலையாளி என்றதும் வாசகர்கள் கேரளத்தை நினைக்க வேண்டாம், தமிழ் பேசும் இம்மலைக் குடிகளுக்கு அதுவே பெயர்.)

நான் கிறிஸ்தவன். ஆயினும் அம்மூதாட்டியின் முகம் என்னை வெட்கப்படச் செய்தது. ஞாயிறுதோறும் ஆலயத்தில் முழந்தாளிடும் என் மனம் எங்கெங்கே போய் வருகிறது என்பதை நான் அறியேனா? திருத்த வேண்டிய விடைத்தாள்கள், மகளின் கல்லூரிச் சம்பளம், முன்வரிசைக்காரரின் புதிய கார், சட்டைப் பையில் துடிக்கும் செல்பேசி! போதகர் 'ஆமென்' என்னும்போதுதான் அது திரும்பி வந்து சேருகிறது. மலைக்குப் போனால் மனம் அடங்கும் என்று எண்ணி ஏற்காட்டுக்கு வந்தேன். மலையேறுகிறவன் தன் மனத்தையும் மூட்டையோடு சேர்த்துத்தானே தூக்கி வருகிறான்?

அப்போது இம்மலைக்கு வடக்கே, ஜோலார்பேட்டைக்குச் செல்லும் இருப்புப் பாதையிலுள்ள திருப்பத்தூர் நினைவுக்கு வந்தது. 1921-இல் அங்கே கிறிஸ்துகுல ஆசிரமத்தை நிறுவியவர் இரண்டு வைத்தியர்கள். ஒருவர் தமிழரான சவரிராயன் ஏசுதாசன். சீமையில் உயர்ந்த வைத்தியப் பட்டங்கள் பெற்றவர். மற்றவர் ஸ்காட்லாந்து தேசத்து எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டன். கம்பளி நூல் வியாபாரத்தில் பெருஞ்செல்வம் ஈட்டிய குடும்பத்துப் பிள்ளை. பணமும் பதவியும் இருவரையும் இழுத்திருக்கலாம். அவர்களோ பிரம்மசரியம் பூண்டு, கதர் உடுத்தி, தரையில் அமர்ந்து எளிய உணவு உண்டார்கள். ஊரார் அவர்களைப் 'பெரியண்ணன்', 'சின்னண்ணன்' என்றே அழைத்தனர். வெள்ளையர் தமிழருக்குத் தம்பியானது அக்காலத்தில் சிறிய சங்கதியல்ல.

1932-இல், சட்ட மறுப்பு இயக்கத்தின்போது, சென்னை வீதியில் கதராடையுடன் நின்ற சின்னண்ணனைப் போலீஸார் தடியால் அடித்துக் கைது செய்தனர். இங்கிலாந்துப் பார்லிமெண்டில் கேள்வி எழுந்தது. அதற்குப் பின்னும் அவர் கதரையும் விடவில்லை, திருப்பத்தூரையும் விடவில்லை.

என்னை மிகவும் கவர்வது வேறொன்று. தியானத்துக்காக அவர்கள் வனத்தைத் தேடவில்லை. ஆசிரமத்திலே ஆஸ்பத்திரி வைத்தார்கள். அழும் குழந்தைகளும் முனகும் நோயாளிகளும் நிறைந்த இடத்தைவிடச் சந்தைக்கடை அமைதியானது! அந்தச் சந்தடியின் அருகிலேயே, தமிழ்நாட்டுக் கோயில்களைப் போலக் கோபுரத்துடன் ஜெபாலயம் எழுப்பினார்கள். ஜெபம் முடிந்தால் நோயாளி. நோயாளியை விட்டால் ஜெபம். வேலையை அவர்கள் குறைத்துக்கொள்ளவில்லை. வேண்டாத விருப்பங்களைத்தான் குறைத்துக்கொண்டார்கள்.

துறவிகளுக்கு இது சரி, குடும்பஸ்தனுக்கு ஆகுமா என்று நானே என்னை எதிர்த்து வாதாடினேன். சுவிசேஷத்தில் வரும் மார்த்தாள் நம்மைப் போன்றவள்தான். வீட்டுக்கு வந்த இயேசுவுக்கு விருந்து சமைத்தவள். அவள் சமைத்ததை அவர் குறை கூறியதாக நான் படிக்கவில்லை. பலவற்றுக்காகக் கலங்கியதைத்தான் சுட்டிக் காட்டினார். விடைத்தாள் திருத்துவது பாவமல்ல. ஜெபத்தின் நடுவே திருத்துவதுதான் சங்கடம்.

ஊர் திரும்பியதும் ஓர் ஏற்பாடு செய்தேன். மாலை ஜெபத்தின்போது வீட்டிலுள்ள செல்பேசிகள் யாவும் அரிசிப் பானைக்குள் போக வேண்டும். மகள் சிரித்தாள், மனைவி, "முதலில் உங்களுடையதை வையுங்கள்" என்றாள். வைத்தேன். முதல் நாள், கால் மணி நேரத்துக்குள் இரண்டு முறை அந்தப் பானையைத் திரும்பிப் பார்த்தவன் நான் ஒருவன்தான்.