நான் போட்டது நாலு, அண்ணன் போட்டது ரெண்டு

பவானியில எங்க வீட்டுல இருந்து ரெண்டு தெரு தள்ளிப் போனாலே தறிச்சத்தம் கேட்கும். ஜமக்காளம் நெய்யற குழித்தறி. அகலமான ஜமக்காளம்னா ஒரே தறியில ரெண்டு பேர் பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்து நெய்வாங்க. ஒருத்தர் நாடாவை அனுப்புவார், இன்னொருத்தர் வாங்கித் திருப்பி அனுப்பணும். 2005-06ல் புவிசார் குறியீடு வாங்கின சரக்கு அது. எங்க அப்பச்சி அந்தத் தறியில உட்கார்ந்தவர். அவருக்கு எந்தக் காலத்துலயும் அப்ரைசல் ஃபார்ம்னு ஒண்ணு வந்ததில்லை. ஆனா கூட நெய்யறவருக்கு இவர் கை எப்படின்னு தெரியும், இவருக்கு அவர் கை எப்படின்னு தெரியும். ஒத்துவராட்டி துணியோட ஓரம் இழுத்துக்கும், மறைக்கவே முடியாது.

நாம படிச்சு முடிச்சுப் போகப்போற இடங்கள்ல அப்படி இல்லை. உனக்கு என்ன தெரியும்னு நீ ஒண்ணு நினைப்பே, உன் மேலதிகாரி வேற ஒண்ணு நினைப்பார். ரெண்டையும் யாரும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்க்கலைன்னா வருஷக்கணக்குல அப்படியே போயிடும். போன செமஸ்டர் லீவுல கோயம்புத்தூர்ல ஒரு பம்ப் பாகங்கள் செய்யற யூனிட்ல இன்-பிளான்ட் ட்ரெய்னிங் போனப்பதான் இது எனக்கு உறைச்சது.

முதல் வாரமே ஒரு தாள் குடுத்தாங்க. பத்து வேலை எழுதியிருக்கு, ஒவ்வொண்ணுக்கும் நேரா 1 முதல் 4 வரை நம்மளே மார்க் போட்டுக்கணும். சி.என்.சி. லேத்ல டூல் ஆஃப்செட் திருத்தறதுக்கு நான் 4 போட்டேன். காலேஜ் லேப்ல சிமுலேட்டர்ல பண்ணியிருக்கேனே! டிராயிங் படிக்கறதுக்கு 3. சூப்பர்வைசர் அண்ணனும் என்னைப் பத்தி அதே தாளைத் தனியா நிரப்பியிருந்தார். ரெண்டு தாளையும் மேஜை மேல வெச்சார். ஆஃப்செட்டுக்கு அவர் போட்டது 2, டிராயிங்குக்கு 1.

"ஏனுங் தம்பி, ஆஃப்செட்டுக்கு நாலு போட்டிருக்கீங்க?"

"காலேஜ்ல பண்ணியிருக்கேனுங்ண்ணா."

"சரி, வாங்க. இந்த ஷாஃப்டோட வெளிவிட்டம் 24.98 வரணும். 25.02 வருது. எவ்வளவு போடுவீங்க?"

நான் யோசிச்சு, ஆரத்துல தானே வெட்டறோம், பாதி போதும்னு மைனஸ் 0.02ன்னு சொன்னேன். அந்த மெஷின்ல ஆஃப்செட்டை விட்டத்துலயே குடுக்கணும், மைனஸ் 0.04. நான் சொன்னதைப் போட்டிருந்தா 25.00 வந்திருக்கும். அண்ணன் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "இதுக்குத்தான் ரெண்டு போட்டேன்"னார், அவ்வளவுதான். ஆனா அடுத்து டிராயிங் பத்திப் பேசறப்போ நான் ஒரு காஸ்டிங் டிராயிங்ல இருந்த செங்குத்துத்தன்மை குறியீடு, டேட்டம் எல்லாம் விளக்கிச் சொன்னதும் அவரே தன் தாள்ல 1ஐ அடிச்சு 3 ஆக்கினார். "ட்ரெய்னிங் வர்ற பசங்களுக்கு இது வராதுன்னு நானே நினைச்சுக்கிட்டேன்"னு ஒத்துக்கிட்டார். இருபது நிமிஷப் பேச்சுல ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு தப்பைக் கண்டுபிடிச்சோம்.

அந்த யூனிட் சுவர்ல ஒரு சார்ட் இருந்துச்சு. இடப்பக்கம் ஆட்கள் பேர், மேல வேலைகள் பேர், ஒவ்வொரு கட்டத்துலயும் நாலாப் பிரிச்ச ஒரு வட்டம். கால் வட்டம் கறுப்பா இருந்தா கத்துக்கிட்டிருக்கார், அரை வட்டம்னா ஆள் பக்கத்துல இருந்தா செய்வார், முக்கால்னா தனியாச் செய்வார், முழு வட்டம்னா அடுத்தவருக்குச் சொல்லிக் குடுப்பார். இதுதான் ஸ்கில் மேட்ரிக்ஸ். கோயம்புத்தூர், ஈரோடு, ஓசூர் பக்கம் எந்த ஓரளவு பெரிய தொழிற்சாலைக்குப் போனாலும் இதைப் பார்க்கலாம். ஐ.எஸ்.ஓ. 9001 தரச்சான்றில் (2015 பதிப்பு, 7.2ஆம் பிரிவு) வேலைக்கு என்ன திறன் வேணும்னு தீர்மானிச்சு, ஆட்களுக்கு அது இருக்குன்னு ஆதாரத்தோட வெச்சிருக்கணும்னு இருக்கு. ஆடிட்டர் வந்தா முதல்ல கேட்கறதுல இதுவும் ஒண்ணு. அதனாலயே பல இடத்துல இந்த சார்ட் ஆடிட்டுக்கு முந்தின நாள் ராத்திரி தான் கறுப்பாகும்னு சீனியர்ஸ் சொல்லக் கேட்டிருக்கேன்!

இதோட வேர் இரண்டாம் உலகப்போர்ல இருக்கு. 1940ல் அமெரிக்கால போர்த் தளவாடத் தொழிற்சாலைகளுக்குப் புது ஆட்களை வேகமாப் பழக்க டி.டபிள்யூ.ஐ. அப்படின்னு ஒரு பயிற்சித் திட்டம் ஆரம்பிச்சாங்க. அதுல சூப்பர்வைசர் கையில ஒரு கால அட்டவணை இருக்கும்: யாருக்கு எந்த வேலை தெரியும், யாருக்கு எதை எந்தத் தேதிக்குள்ள பழக்கணும்னு. போருக்கு அப்புறம் அது ஜப்பானுக்குப் போய், டொயோட்டா மாதிரி கம்பெனிகள்ல வேர்பிடிச்சு, அங்க இருந்து சுத்தி நம்ம ஊர் சுவருக்கு வந்திருக்கு.

ஆனா சார்ட் இருக்கறது வேற, அதை ரெண்டு பேரும் சேர்ந்து நிரப்பறது வேற. நம்ம நாட்டுல ரொம்ப காலம் இந்த மதிப்பீடு ரகசியமாத்தான் இருந்துச்சு. அரசு வேலையில இதுக்குப் பேரே ஆண்டு ரகசிய அறிக்கை. மேலதிகாரி எழுதுவார், மோசமா எழுதினா மட்டும்தான் நமக்குச் சொல்லுவாங்க.

இதுல நம்மள மாதிரி ஒரு இன்ஜினியர் மாட்டின கதை இருக்கு. எல்லைச் சாலைகள் அமைப்புல எக்ஸிகியூட்டிவ் இன்ஜினியரா இருந்தவர் தேவ் தத். அடுத்த பதவி சூப்பரின்டெண்டிங் இன்ஜினியர். அதுக்கு முந்தின அஞ்சு வருஷமும் அறிக்கையில 'மிக நன்று' இருக்கணும்னு விதி. அவருக்கு 1993-94ல் மட்டும் 'நன்று'ன்னு எழுதிட்டாங்க. 'நன்று' மோசமான வார்த்தை இல்லையே, அதனால அவருக்குச் சொல்லவே இல்லை. பதவி உயர்வு போச்சு. கோர்ட்டுக்குப் போனார். 2008 மே மாசம் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொல்லுச்சு: நல்லதோ கெட்டதோ, அறிக்கையில எழுதற ஒவ்வொரு மதிப்பீட்டையும் அந்த ஊழியருக்குத் தெரிவிக்கணும், அவர் பதில் சொல்ல வாய்ப்பும் குடுக்கணும். இன்னிக்கு மத்திய அரசுல அந்த ரகசிய அறிக்கைக்கு பதிலா, ஊழியருக்குக் காட்டற செயல்திறன் அறிக்கை இருக்கு. ஒரே ஒரு வார்த்தை, அதுவும் பாராட்டற வார்த்தை, சொல்லாம வெச்சதுக்கு ஒரு ஆளோட பதவியே விலையாச்சு பாருங்க.

தனியார்ல இது கொஞ்சம் முன்னாடியே மாற ஆரம்பிச்சது. 1974ல் எல் அண்ட் டி நிறுவனம் தன்னோட அப்ரைசல் முறையைப் பரிசீலிக்க ஐ.ஐ.எம். அகமதாபாத் பேராசிரியர்கள் உதய் பரீக், டி.வி. ராவ் ரெண்டு பேரையும் கூப்பிட்டுச்சு. வெறும் மார்க் போடறதோட நிக்காம, மேலதிகாரியும் ஊழியரும் உட்கார்ந்து பேசறது, பயிற்சி, அடுத்த பொறுப்புக்கான தகுதி எல்லாத்தையும் சேர்த்து ஒரு முறையை அவங்க பரிந்துரைச்சாங்க. இப்ப எல்லாரும் சொல்ற 'ஹெச்.ஆர்.டி.' இந்தியாவுல அங்க இருந்துதான் கிளம்புச்சு.

சரி, ஏன் ரெண்டு பேரும் தேவை? மேலதிகாரிக்கு அனுபவம் இருக்கு, அவரே போட்டா போதாதா? இல்லை, வேலை செய்யறவருக்குத்தானே தன் வேலை தெரியும்? இதுக்கு ஒரு நல்ல கணக்கு இருக்கு. 1988ல் ஹாரிஸ், ஷாப்ரோக்னு ரெண்டு ஆய்வாளர்கள் அதுவரை வந்த பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தாங்க. தன்னைத்தானே மதிப்பிடறதுக்கும் மேலதிகாரி மதிப்பீட்டுக்கும் இடையில ஒட்டுறவு கெழு சுமார் 0.35தான். கூட வேலை செய்யறவங்க மதிப்பீட்டுக்கும் மேலதிகாரி மதிப்பீட்டுக்கும் 0.62. நாம புராபபிலிட்டி பேப்பர்ல படிச்ச அதே கெழு. அதாவது என்னைப் பத்தி நான் நினைக்கறது தனி உலகம், மத்தவங்க பார்க்கறது ஓரளவு ஒரே உலகம். இதை வெச்சு 'ஊழியர் சொல்றது தப்பு'ன்னு முடிவு பண்ணிடக் கூடாது. என் டிராயிங் விஷயத்துல அண்ணன்தான் தப்பு. ரெண்டு எண்ணுக்கும் நடுவுல இருக்கற இடைவெளிதான் பேச வேண்டிய விஷயம்னு எடுத்துக்கலாம்.

அந்தப் பேச்சு ஒழுங்கா நடக்கணும்னா சில விஷயம் வேணும். முக்கியமா, ரெண்டு பேரும் ஒருத்தர் தாளை ஒருத்தர் பார்க்காம முதல்ல எழுதிடணும். மேலதிகாரி முதல்ல '2'ன்னு சொல்லிட்டா யாரு துணிஞ்சு '4'ன்னு சொல்லுவா? அப்புறம், 'சி.என்.சி. தெரியும்'னு பொதுவா எழுதினா சண்டைதான் வரும். 'முதல் பீஸை அளந்து ஆஃப்செட் திருத்துவார்'னு எழுதினா மெஷின்கிட்ட போய்ப் பார்த்துடலாம். ரெண்டு பேரும் ஒரே எண் போட்ட இடத்துல நேரம் செலவழிக்க வேண்டியதில்லை. வித்தியாசம் இருக்கற இடத்துல 'எதை வெச்சு இந்த எண் போட்டீங்க'ன்னு ரெண்டு பேரும் போன மாசம் நடந்த ஒரு வேலையைச் சொல்லணும். கடைசியில யார் சொல்லிக் குடுப்பா, எப்போ திரும்பப் பார்ப்போம்னு தேதி போடணும். தேதி இல்லாத தாள் ஃபைலுக்குள்ள போய்ப் படுத்துக்கும்.

இன்னொண்ணு, சம்பளப் பேச்சை இதுகூட கலக்கக் கூடாது. ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனில நடந்து 1965ல் வெளியான ஆய்வோட முடிவு இதுதான். குறைகளையும் சம்பளத்தையும் ஒரே மீட்டிங்ல பேசினப்போ ஆட்கள் காதை மூடிக்கிட்டுத் தற்காப்புக்கு இறங்கிட்டாங்க, குறை சொன்ன விஷயத்துல முன்னேற்றமும் பெருசா வரலை. இலக்கைச் சேர்ந்து தீர்மானிச்ச இடத்துலதான் மாற்றம் தெரிஞ்சுது. அதனால ரெண்டையும் வேற வேற நாள்ல பேசுங்கன்னாங்க. யோசிச்சுப் பாருங்க, இன்டர்னல் மார்க் போடற சார்கிட்டயே போய் 'சார், எனக்கு இந்த யூனிட் சுத்தமாப் புரியலை'ன்னு நம்மள்ல எத்தனை பேர் சொல்லுவோம்?

ஆனா நடைமுறையில சம்பளத்தை முழுசாப் பிரிக்க முடியாதுங்கறதையும் சொல்லணும். எங்க சின்னம்மா திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனிக்குப் போறாங்க. ஓவர்லாக், ஃபிளாட்லாக் ரெண்டும் ஓட்டுவாங்க, புதுசா வர்ற பொண்ணுங்களுக்கு அவங்கதான் நூல் கோர்க்கறதுல இருந்து சொல்லிக் குடுக்கறாங்க. அந்த வட்டக் கணக்குல பார்த்தா முழு வட்டம். "உங்களுக்கு என்ன வேலை தெரியும்"னு கேட்டா, "ஏதோ ஓட்டுவேனுங்க"ன்னுதான் சொல்லுவாங்க. நான் எனக்கு 4 போட்டுக்கிட்டேன், அவங்க தனக்கு 2 போட்டுக்குவாங்க. கிரேடு அந்த எண்ணை வெச்சுத்தான்னா நஷ்டம் யாருக்கு? மேலதிகாரி எதிர்ல உட்கார்ந்து, "போன வாரம் அந்தப் பொண்ணுக்கு நீங்கதானேம்மா பழக்கினீங்க"ன்னு ஞாபகப்படுத்தினாதான் அந்த எண் மேல ஏறும். அதே மேலதிகாரி சொந்தக்காரப் பையனுக்கு மட்டும் வட்டத்தைக் கறுப்பாக்கறவரா இருந்தா இந்த முறையே வேலைக்காகாது. அதனால மூணாவதா ஒரு ஆள், அதே வரிசையில வேலை செய்யற ஒருத்தர், கூட இருக்கறது நல்லதுன்னு எனக்குத் தோணுது.

ட்ரெய்னிங் முடிஞ்சு வந்து எங்க டிபார்ட்மென்ட் வொர்க்ஷாப்ல ஆறு பேர் சேர்ந்து இதைச் செஞ்சு பார்த்தோம். வொர்க்ஷாப் இன்ஸ்ட்ரக்டர் எங்களுக்குத் தனியாப் போட்டார், நாங்க எங்களுக்குப் போட்டுக்கிட்டோம். வெல்டிங்ல ஆறு பேருமே 3 போட்டிருந்தோம். அவர் நாலு பேருக்கு 1தான் போட்டிருந்தார். எங்க பேட்ச்ல எப்பவும் ஓரமா நின்னு ராடு எடுத்துக் குடுத்துக்கிட்டே இருக்கற ஒருத்தனுக்கு மட்டும் 4. எப்படி சார்னு கேட்டா, ரெக்கார்டு சப்மிட் பண்றதுக்கு முந்தின நாள் எங்க எல்லாரோட ஜாயிண்டையும் சரிபண்ணிக் குடுத்தது அவன்தான்னு அவருக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. எங்களுக்கும் தெரியும், தாள்ல எழுதத்தான் தோணலை. இப்ப வொர்க்ஷாப் கதவுகிட்ட ஒரு சார்ட் ஒட்டியிருக்கோம். எல்லா வட்டமும் பென்சில்லதான் போட்டிருக்கோம். அடுத்த பார்வை டிசம்பர் முதல் வாரம்.