தமிழ்ச் சொற்களை எண்ணுவதில் முன்னொட்டு மரம்: சேமிப்பு அலகு குறித்த ஒரு நோக்கு

முன்னுரை

ஒரு நூலில் எச்சொல் எத்தனை முறை பயின்று வருகிறது என்னும் கணக்கு, அகராதிக்கும் சொல்லடைவுக்கும் அடிப்படையாகும். இதற்குப் பயன்படும் தரவுக் கட்டமைப்புகளுள் ஒன்று முன்னொட்டு மரம். 1960இல் எட்வர்ட் பிரெட்கின் இதற்கு ‘டிரை’ எனப் பெயரிட்டார். முன்னொட்டு என்பது இங்கு இலக்கணக் கூறன்று. சொல்லின் தொடக்க எழுத்துத் தொடரையே குறிக்கும். தமிழில் இம்மரத்தின் அலகு எதுவாக இருத்தல் வேண்டும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

எண்ணும் முறை

வேரிலிருந்து அலகுக்கு ஒரு கணுவாக இறங்கி, சொல் முடியும் கணுவிலுள்ள எண்ணியில் ஒன்றைக் கூட்ட வேண்டும். தொடக்கம் ஒத்த சொற்கள் கணுக்களைப் பகிர்ந்துகொள்கின்றன. தேடும் நேரம் சொல்லின் நீளத்தைப் பொறுத்தது. சேமித்த சொற்களின் தொகையைப் பொறுத்ததன்று.

மூவகை அலகுகள்

பழம், பழத்தை, பழத்தில், பழங்கள் ஆகிய நான்கு சொற்களைச் சேமிக்க, வேர் நீங்கலாக, எழுத்தை அலகாகக் கொண்டால் 10 கணுக்களும், உயிரும் மெய்யுமாகப் பிரித்தால் 14 கணுக்களும், ஒருங்குறிக் குறியீடுகளை அப்படியே கொண்டால் 16 கணுக்களும் தேவைப்படும்.

ஒருங்குறி அலகில் பிழைகளும் நேரும். ‘க’ எனத் தேடினால் காடு, கிளி ஆகியனவும் வரும். ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும், எகரக் குறி, கால் என இரண்டாகவும் எழுத இயலுமாதலால், ‘கொடி’ என்னும் ஒரே சொல் இரு சொற்களாக எண்ணப்படக்கூடும். ஆகவே சேமிக்கும் முன் வடிவத்தைச் சீராக்குதல் இன்றியமையாதது.

எழுத்தலகில் கணுக்கள் குறைவெனினும், கிரந்த எழுத்துகள் நீங்கலாக, ஒவ்வொரு கணுவிலும் 247 கிளைகளுக்கு இடம் ஒதுக்க நேரிடலாம். அவ்வாறாயின் 10 கணுக்களுக்கு 2,470 இடங்களாகும். உயிர், மெய், ஆய்தம் என்னும் 31 அலகுகளாயின் 14 கணுக்களுக்கு 434 இடங்களே போதும். மேலும், ‘க்’ என்னும் கணு ககர வருக்கச் சொற்கள் அனைத்தையும், அதன்கீழ் ‘அ’ என்னும் கணு ககரத்தில் தொடங்குவனவற்றை மட்டும் தரும்.

வரம்பு

தொடக்கம் ஒன்றாதலால் வேர்ச்சொல்லும் ஒன்றாகிவிடாது. ‘பழ’ என்னும் கிளையில் பழமை, பழக்கம் ஆகியனவும் அமையும். வா, வந்தான் ஆகியன ஒரே வினையின் வடிவங்களாயினும், முதல் மெய்க்குப் பின் பிரிந்துவிடும். வேர்ச்சொல் வாரியான எண்ணிக்கைக்கு உருபனியல் பகுப்பாய்வு தேவை.

முடிவுரை

சொல்வடிவங்களை எண்ணவும் வருக்க வாரியாகத் தொகுக்கவும், கிளைகளுக்கு நிலையான இடம் ஒதுக்கும் முன்னொட்டு மரத்தில், உயிரும் மெய்யுமாகப் பிரித்த அலகே பொருத்தமானது. எழுத்தை உயிரும் மெய்யுமாகப் பகுக்கும் தமிழ் இலக்கண மரபு, இங்குக் கணினியின் நினைவகச் சிக்கனத்திற்கும் துணைபுரிகிறது.