திரைக் கழனியின் விளைச்சல்

சங்கங்களைப் பார்வையிடச் செல்லுமிடங்களில் அங்கத்தினர் சிலர், கைப்பேசியில் பயிரிட்டும் பிராணி வளர்த்தும் பணம் ஈட்டும் பிளாக்செயின் விளையாட்டுகளில் சேமிப்பை இடலாமா என நம்மை வினவுகின்றனர். இதனை நகைத்துத் தள்ள நாம் விரும்பவில்லை. பிலிப்பைன்ஸில் நெல்வளம் மிக்க கபனட்டுவான் நகரில், 2020-ஆம் ஆண்டு ஊரடங்கில் பிழைப்பிழந்தோர் பலர் ‘ஆக்ஸி இன்பினிட்டி’ என்னும் விளையாட்டினால் குடும்பம் நடத்தினர். அது மெய்.

ஆட்டத்தில் இறங்க அந்நாளில் மூன்று பிராணிகளை விலைக்கு வாங்கவேண்டியிருந்தது. முதலில்லாதோர் பிறருடைய பிராணிகளை வாரத்திற்குப் பெற்று ஆடி, வருவாயில் பங்களந்தனர். (இவ்வாரத்திற்கு அங்கே இட்ட பெயர் ‘உபகாரச் சம்பளம்’!)

வருவாய் எங்கிருந்து வந்தது? வென்றோர்க்குக் கிடைத்த எஸ்.எல்.பி. நாணயத்தின் முக்கியப் பயன், புதுப் பிராணிகளை ஈனச் செய்வதே. அவற்றை வாங்கவேண்டியோர் புதிதாய்ச் சேர்வோர். ஆட ஆட நாணயம் பெருகிற்று; புதியவர் வரவோ குன்றிற்று. 2021 ஜூலையில் 30 அமெரிக்க சென்ட்டுக்கு மேல் விற்ற நாணயம், 2022 முடிவில் ஒரு சென்ட்டும் பெறவில்லை. கடன்பட்டுப் பிராணி வாங்கியோர் நிலையைச் சொல்லவேண்டுவதில்லை.

பிளாக்செயின் யாவரும் காணத்தக்க கணக்கேடு. நம் சங்கப் பேரேடுகளும் அவ்வாறிருப்பின் நம் வேலை பாதி குறையும்! ஆயினும் ஏடு விலைக்குப் பொறுப்பேற்பதில்லை, களவையும் தடுப்பதில்லை. 2022 மார்ச்சில் இவ்விளையாட்டின் ரோனின் வலையமைப்பிலிருந்து 60 கோடி டாலருக்கு மேல் களவு போயிற்று. அவ்வாண்டு ஜனவரியில் ‘சன்பிளவர் ஃபார்மர்ஸ்’ என்னும் பயிர் விளையாட்டில் கூட்டம் மிகுந்து, பாலிகன் வலையமைப்பில் பரிமாற்றக் கட்டணமே பன்மடங்காயிற்று.

நம் நாட்டிலோ, 2022 ஏப்ரல் முதல் இத்தகைய நாணய ஆதாயத்திற்கு 30 சதவீத வரி உண்டு. ஒரு நாணயத்தில் நேர்ந்த நஷ்டத்தை மற்றொன்றின் ஆதாயத்தில் கழிக்கவும் சட்டம் இடந்தரவில்லை.