மூன்று செட்டைகளின் பரீட்சை

ஆண்டின் நடுப்பகுதியில் அறுகம்குடாவுக்குச் செல்வோர், அலைமீது பலகையில் நின்று சறுக்கிவரும் இளைஞரையும் யுவதிகளையும் கண்டு வியவாது திரும்புவதில்லை. ஆனால் அவர்கள் கரையேறும்போது அப்பலகையின் அடிப்புறத்தை உற்று நோக்குவோர் மிகச் சிலரே. அங்கே வாற்புறத்தில், மீனின் செட்டையை ஒத்த மூன்று சிறு தகடுகளைப் பெரும்பாலும் காணலாம். பார்வைக்கு அற்பமான அத்தகடுகளின் பின்னே ஒரு மனிதரின் துணிவு மறைந்திருக்கிறது. அக்கதையை இன்று எமது இளம் வாசகர்களுக்குக் கூற விரும்புகிறோம்.

அலைச் சறுக்கல் ஹவாய்த் தீவு மக்களின் புராதன விளையாட்டாகும். அவர்களுடைய மரப்பலகைகளுக்குச் செட்டை கிடையாது. செங்குத்தாக எழும் அலையில் பலகையின் வாற்புறம் பக்கவாட்டில் வழுக்கிவிடும். 1935ஆம் ஆண்டில் ரொம் பிளேக் என்னும் அமெரிக்கர், கைவிடப்பட்ட வேகப்படகொன்றின் அடித்தகட்டை எடுத்துத் தமது பலகையிற் பொருத்தி, வைக்கீக்கிக் கடலில் இறங்கினார். பலகை வழுக்காது அவர் எண்ணிய திசையிற் சென்றது. பக்கவாட்டில் தள்ளும் நீரைத் தகடு எதிர்த்து நிற்பதே இதன் காரணம்.

ஆயினும் ஒற்றைச் செட்டைக்கு ஒரு குறை இருந்தது. நேராகச் செல்கையில் உறுதியளித்த அது, சடுதியாகத் திரும்ப இடங்கொடுக்கவில்லை. எனவே ஓரங்களில் ஒவ்வொன்றாக இரு செட்டைகள் பொருத்திய பலகைகள் தோன்றின. அவுஸ்திரேலியரான மார்க் றிச்சர்ட்ஸ் அத்தகைய பலகையைச் செம்மைப்படுத்தி, 1979 முதல் 1982 வரை தொடர்ந்து நான்கு முறை உலக வெற்றி வீரரானார்.

சிட்னி நகரின் வடபாலுள்ள நரபீன் கடற்கரையைச் சேர்ந்தவர் சைமன் அன்டர்சன். பலகை செய்வதே அவர் தொழில். அலைப் பந்தயங்களிலும் அவர் பேர்பெற்றவர். ஆனால் ஆறடிக்கு மேற்பட்ட உயரமும் அதற்கேற்ற பாரமும் உடைய அவரை இரட்டைச் செட்டை ஏமாற்றியது. பேரலையில் வேகமாக இறங்குகையில், நடுவே பிடிப்பின்றி வாற்புறம் சறுக்கிற்று. ஒற்றைச் செட்டையோடு நின்றாற் பந்தயத்திற் பின்தங்க வேண்டும். இரட்டைக்கு மாறினாற் கீழே விழவேண்டும். இதுவே அவருக்கு நேர்ந்த இக்கட்டு.

1980 ஒக்டோபரில், வேறொருவரின் இரட்டைச் செட்டைப் பலகையில் நடுவே சிறியதொரு மூன்றாஞ் செட்டை இருப்பதை அவர் கண்டார். உடனே சம அளவான மூன்று செட்டைகளைக் கொண்ட பலகையொன்றை ஆக்கினார். முன்னிரண்டும் ஓரங்களிற் பலகையின் மூக்கை நோக்கிச் சற்றே சாய்ந்திருந்தன. பின்னது நடுவே நின்றது. முன்னவை திருப்பத்தையும் உந்தலையும் தர, பின்னது வழுக்கலைத் தடுக்கும் என்பது அவர் கணக்கு.

கணக்குச் சரியோ பிழையோ என்று கடலே சொல்லவேண்டும். சீரான சிற்றலையில் எப்பலகையும் நல்ல பலகைதான். செங்குத்தாக இறங்கும்போது பிடி விடுகிறதா, திரும்பும்போது வேகம் குறைகிறதா, குழம்பிய நீரில் நடுங்குகிறதா என்பவற்றை முரட்டுக் கடலே காட்டிக்கொடுக்கும்.

அப்பரீட்சை விரைவிலேயே வந்தது. 1981ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறு விடுமுறைக் காலத்தில், விக்ரோரியா மாநிலத்துப் பெல்ஸ் கடற்கரையிற் பந்தயம் நடந்தபோது, அலைகள் 15 அடியும் அதற்கு மேலுமாக எழுந்தன. அத்தகைய கடலிற் பலகை ஒருமுறை வழுக்கினால், வீரன் மலைபோன்ற நீரின் கீழ் அமிழ்ந்துபோவான். போட்டியிலே தோற்றால் வெற்றி மட்டுமல்ல, பலகை செய்பவர் என்ற பெயரும் போய்விடும். அன்டர்சன் தம் கையாற் செய்த, ஆறரை அடி நீளமான மூன்று செட்டைப் பலகையோடு கடலில் இறங்கினார். பலகை பிடி விடவில்லை. பேரலையின் முகத்தில் இறங்கி, அடியிலே திரும்பி, மீண்டும் மேலேறியது. வெற்றி அவருடையதாயிற்று. அவ்வாண்டிலேயே சிட்னியிலும், ஹவாயின் பயங்கரமான பைப்லைன் அலையிலும் நடந்த பெரும் பந்தயங்களையும் அவர் வென்றார்.

சில ஆண்டுகளில் உலகெங்கும் மூன்று செட்டைப் பலகையே பெருவழக்காயிற்று. அன்டர்சனோ அதற்குக் காப்புரிமை பெறவில்லை. பிறர் அதைச் செய்து விற்றபோது அவருக்கு அதனாற் பெருஞ் செல்வம் சேரவுமில்லை.

இக்காலத்துச் செட்டைகளிற் பல கழற்றிப் பூட்டத்தக்கவை. அறுகம்குடா மணலில் ஓர் இளைஞன் சிறு சாவியுடன் குந்தியிருந்து, ஒரு சோடியைக் கழற்றி வேறொன்றைப் பூட்டுவதை நாம் பார்த்திருக்கிறோம். பலகையை மாற்றாது செட்டையை மட்டும் மாற்றி, மீண்டும் அதே அலைக்குச் சென்றான். ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றிப் பார்ப்பவனுக்குத்தான் பிழை எங்கேயென்று தெரியவரும்.

மாணவர்களே, எளிய கணக்கை நூறு முறை செய்து மகிழ்வதிற் பயனில்லை. உங்கள் கல்வியின் செட்டை உறுதியானதா என்பதைக் கடினமான வினாவிடமே கேட்டறியுங்கள்.