நடமாடும் கண்காணிப்புக் கெமரா: நிதி திரட்டும் முன்னர் சிந்திக்க வேண்டியவை

கண்டி நகரைச் சூழ்ந்துள்ள கிராமங்களிலும் தோட்டங்களிலும் எந்தச் சங்கக் கூட்டம் கூடினாலும் களவைப் பற்றிய பேச்சு எழாமல் முடிவதில்லை. மிளகு முற்றும் காலத்தில் இரவோடிரவாகக் கொடிகள் உருவப்படுகின்றன. வீதியோரம் நிறுத்திய முச்சக்கர வண்டியின் பெற்றரி விடியும்போது இல்லை. தண்ணீர் மோட்டார், காயவைத்த கிராம்பு, கழுத்துச் சங்கிலி என்று பட்டியல் நீளுகிறது. பாடசாலைக்கு அருகே போதைப்பொருள் விற்கப்படுவது பெற்றோரை இன்னும் அதிகமாக வருத்துகிறது.

இப்பேச்சின் முடிவில் யாராவது ஒருவர் "கெமரா போடுவோம்" என்கிறார். எல்லாச் சந்திகளிலும் நிரந்தரமாகப் பொருத்துவதற்குப் பணம் போதாது. ஆகவே தேவைக்கேற்ப இடம் மாற்றக்கூடிய ஒன்றிரண்டு கெமராக்களை வாங்குவோம் என்ற யோசனை பிறக்கிறது. வெளிநாட்டில் உள்ள உறவினரிடமும், கடைக்காரரிடமும், பிரதேச சபையிடமும் நிதி கேட்கலாம் என்று தீர்மானம் எழுதப்படுகிறது. இந்த யோசனை நல்லதா? எந்த நிபந்தனைகளுடன் நல்லது? பணம் சேர்க்கத் தொடங்கும் முன்னர் இக்கேள்விகளைக் கேட்பது பயனுடையது.

நடமாடும் கெமரா எப்படி இயங்குகிறது?

ஒரு கம்பத்திலோ, சிறிய இழுவை வண்டியில் நிறுத்திய உயர்ந்த தண்டிலோ கெமரா பொருத்தப்படுகிறது. சூரிய மின்தகடும் பெற்றரியும் அதற்கு மின்சாரம் தருகின்றன. பதிவு ஒரு நினைவக அட்டையில் சேமிக்கப்படலாம். அல்லது சிம் அட்டை மூலம் ஒருவரின் கையடக்கத் தொலைபேசிக்கு அனுப்பப்படலாம். களவு கூடிய இடத்தில் சில வாரங்கள் வைத்துவிட்டு வேறிடத்துக்கு நகர்த்தலாம் என்பதே இதன் சிறப்பு.

கெமராவின் விலையோடு செலவு முடிந்துவிடுவதில்லை. ஒரு சிறிய கணக்கைப் பார்ப்போம். கெமராவும் இணைப்புக் கருவியும் சேர்ந்து 10 வாட் மின்சாரம் எடுத்தால் ஒரு நாளைக்கு 240 வாட்மணி தேவை. 12 வோல்ட், 40 அம்பியர்மணி பெற்றரி முழுமையாக நிரம்பியிருந்தாலும் 480 வாட்மணிதான் கொள்ளும். அதாவது வெயில் இல்லாமல் இரண்டு நாள் போனால் கெமரா அணைந்துவிடும். மழையும் மூடுபனியும் நாட்கணக்கில் நிற்கும் நக்கிள்ஸ் அடிவாரத்திலும் அந்தனை மலைப்பக்கத்திலும் இது சிறிய விடயமல்ல. அதேபோல் வினாடிக்கு 2 மெகாபிட் என்ற அளவில் இடைவிடாது பதிவு செய்தால் ஒரு நாளைக்குச் சுமார் 21 கிகாபைட், 30 நாளைக்குச் சுமார் 650 கிகாபைட் இடம் வேண்டும். இதனைச் சிம் அட்டை வழியாக அனுப்புவதானால் மாதாந்தக் கட்டணத்தை யார் செலுத்துவது?

பிற நாடுகளின் அனுபவம்

பிரித்தானிய அரசாங்கம் 1999 முதல் 2003 வரை உள்ளூராட்சி மன்றங்களின் கெமராத் திட்டங்களுக்கு 17 கோடி பவுண் ஒதுக்கியது. அதன் பயனை அறிய நடத்திய ஆய்வு 2005இல் வெளியாயிற்று. ஆராயப்பட்டவற்றுள் குடியிருப்புகளில் இடம் மாற்றி வைக்கும் கெமராக்களும் இருந்தன. மதிப்பிடப்பட்ட 13 திட்டங்களில் 6இல் குற்றம் குறிப்பிடத்தக்க அளவு குறைந்திருந்தது. ஆனால் தற்செயல் அல்ல என்று புள்ளிவிபர ரீதியாக உறுதியாகக் கூறக்கூடியவை 2 மட்டுமே.

அதன்பின் 40 ஆண்டு கால ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் வெளியான மீளாய்வு ஒன்று, கெமரா உள்ள இடங்களில் குற்றம் சராசரியாக 13 வீதம் குறைவதாகக் கண்டது. வாகனத் தரிப்பிடங்களில் பயன் மிகத் தெளிவாக இருந்தது. குடியிருப்புகளிலும் ஓரளவு இருந்தது. வன்முறைக் குற்றங்களில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. குடிவெறியிலும் ஆத்திரத்திலும் கை ஓங்குபவன் கெமராவை நினைத்துப் பார்ப்பதில்லை. இன்னொரு முடிவும் நமக்கு முக்கியமானது. ஒருவர் இருந்து பார்த்துக்கொண்டிருக்கும் கெமராக்களும், வேறு தடுப்பு முயற்சிகளோடு சேர்த்துப் பயன்படுத்தியவையும் கூடுதல் பலன் தந்தன.

நமக்கு அண்மையில் உள்ள உதாரணம் சென்னை. 2017இல் ஏ.கே. விஸ்வநாதன் பொலிஸ் ஆணையாளராகப் பொறுப்பேற்ற பின்னர் "மூன்றாவது கண்" என்ற திட்டம் நடைமுறைப்படுத்தப்பட்டது. முக்கிய வீதிகளில் 50 மீற்றருக்கு ஒரு கெமரா என்பது இலக்கு. வணிகர்களும் குடியிருப்பாளர் சங்கங்களும் செலவில் பெரும்பங்கை ஏற்றனர். சங்கிலி பறிப்பு முதலிய வழக்குகளில் குற்றவாளிகளைத் தேடிப் பிடிக்க அப்பதிவுகள் உதவின. ஆயினும் பின்னைய ஆண்டுகளில் பராமரிப்பின்றிப் பல கெமராக்கள் செயலிழந்து கிடப்பதாகச் செய்திகள் வந்தன. வாங்குவதற்குக் கைகொடுத்தவர்கள் பலர். பழுதுபார்ப்பதற்கு முன்வந்தவர்கள் சிலர்.

நம் நாட்டில் கற்ற இரண்டு பாடங்கள்

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயத்துக்குள் முதுகுப்பையுடன் ஒருவன் நடந்து செல்வதைக் கெமரா தெளிவாகப் பதிவு செய்தது. அக்காட்சியை உலகமே பின்னர் பார்த்தது. ஆனால் அந்தக் கெமராவால் ஓர் உயிரையும் காக்க முடியவில்லை. தாக்குதல் பற்றிய புலனாய்வு எச்சரிக்கை ஏப்ரல் 4ஆம் திகதியே அதிகாரிகளுக்குக் கிடைத்திருந்தது. உரியவர்கள் நடவடிக்கை எடுக்கத் தவறியதால் அடிப்படை உரிமைகள் மீறப்பட்டன என்று 2023 ஜனவரி 12 அன்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, அப்போதைய ஜனாதிபதி உள்ளிட்டோர் நட்டஈடு செலுத்த வேண்டும் எனக் கட்டளையிட்டது. அன்று தகவல் இருந்தது. அதன்மீது செயற்பட்டவர் இருக்கவில்லை.

இரண்டாவது பாடம் கண்டி மாவட்டத்திலேயே கிடைத்தது. 2018 மார்ச் மாதம் திகன, தெல்தெனிய பகுதிகளில் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. மார்ச் 6 அன்று நாட்டில் அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. விசேட அதிரடிப்படையினர் பள்ளிவாசல் ஒன்றில் இருந்தவர்களைத் தாக்குவதைக் காட்டும் கெமராப் பதிவைத் தாம் பார்த்ததாக ராய்ட்டர் செய்தி நிறுவனம் அதே மாதம் அறிவித்தது. பாதுகாக்க வந்தவர்கள் மீதே குற்றச்சாட்டு எழுந்தபோது சாட்சியாக நின்றது அந்தப் பதிவு. அது பொலிஸாரின் கையில் மட்டும் இருந்திருந்தால் வெளியே வந்திருக்குமா?

இவ்விரண்டு நிகழ்வுகளும் ஒரே உண்மையைக் கூறுகின்றன. கெமரா ஒரு சாட்சி; அது காவலாளி அல்ல. சாட்சி சொல்வதைக் கேட்டுச் செயற்பட மனிதர் வேண்டும். அந்தச் சாட்சி யாருடைய கையில் இருக்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

கெமராவுக்குத் தெரியாத குற்றம்

தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் நடத்திய பெண்கள் நலன் பற்றிய ஆய்வின்படி, துணைவருடன் வாழ்ந்த பெண்களில் ஐவரில் ஒருவர் அத்துணைவரால் உடல் ரீதியான அல்லது பாலியல் ரீதியான வன்முறைக்கு உள்ளாகியுள்ளார். இக்குற்றம் வீதிச் சந்தியில் நடப்பதில்லை. லயன் காம்பராவுக்குள்ளும், பூட்டிய வீட்டுக்குள்ளும் நடக்கிறது. பக்கத்து வீட்டார் 119ஐ அழைக்கும் துணிவும், பெண்களுக்கான 1938, சிறுவர்களுக்கான 1929 ஆகிய இலக்கங்கள் எல்லா வீடுகளிலும் தெரிந்திருப்பதுமே இங்கு பாதுகாப்பு. கெமராவுக்குப் பணம் சேர்த்தவுடன் "ஊரின் பாதுகாப்புக்கு வேண்டியதைச் செய்துவிட்டோம்" என்று நாம் ஓய்ந்துவிடக் கூடாது.

தவறான இடத்தில் வைத்த கெமராவே பெண்களுக்குத் தொல்லையாகவும் முடியும். தோட்டங்களில் குளிப்பதும் துவைப்பதும் பீலிக்கரையில். அந்தப் பக்கம் திரும்பிய கெமராவின் காட்சி சில இளைஞர்களின் தொலைபேசியில் ஓடினால் அதுவே புதியதொரு குற்றம்.

முதலில் வெளிச்சம்

கெமராவைப் போலவே இடம் மாற்றக்கூடிய இன்னொரு கருவி விளக்கு. நியூயோர்க் நகரின் அரச குடியிருப்புகளில் 2016இல் ஒரு பரிசோதனை நடந்தது. குலுக்கல் முறையில் தெரிந்த குடியிருப்புகளில் நடமாடும் விளக்குக் கோபுரங்கள் நிறுத்தப்பட்டன. அவ்விடங்களில் இரவு வேளையில் வெளியிடங்களில் நடந்த பாரிய குற்றங்கள் சுமார் 36 வீதம் குறைந்தன. நியூயோர்க்கும் கலஹாவும் ஒன்றல்ல என்பது உண்மையே. ஆயினும் இருட்டில் எடுத்த படத்தில் முகம் தெளிவாகத் தெரிவதில்லை என்பது எங்கும் பொது. கெமரா வாங்கும் ஊருக்கும் விளக்கு வேண்டும். விளக்குப் போட்டபின் சில இடங்களில் கெமராவே தேவைப்படாமல் போகலாம்.

தெருவிளக்கு உள்ளூராட்சி மன்றத்தின் கடமை. நெடுங்காலம் தோட்டக் குடியிருப்புகளுக்கு இது கிடைக்கவில்லை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் பிரதேச சபை நிதியைச் செலவிடத் தடையாக இருந்தது. 2018இல் அது திருத்தப்பட்டது. எனவே லயன் பாதைக்கு விளக்குக் கேட்பது இன்று சலுகையல்ல, உரிமை. நாட்சம்பளத்தில் வாழும் குடும்பங்களிடம் கெமராவுக்குக் காசு கேட்கும் முன்னர், சபையிடம் இந்த உரிமையைக் கேட்டு எழுத்தில் மனுக்கொடுக்க வேண்டாமா?

கெமராதான் வேண்டும் என்றால்

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்த பின்னரும் கெமரா தேவையென ஊர் தீர்மானிக்கலாம். அப்போது கீழ்வரும் ஒழுங்குகளைப் பணம் சேர்க்கும் முன்னரே எழுதிக்கொள்வது நல்லது.

1. மூன்று மாதத்துக்கு ஒரு குறிப்பேடு வைத்து, எந்தக் களவு, எந்த இடத்தில், எந்த நேரத்தில் நடந்தது என்று பதியுங்கள். கெமராவை எங்கே வைப்பது என்பதை வதந்தி அல்ல, அக்குறிப்பேடே தீர்மானிக்கட்டும்.

2. பொது வழியை மட்டும் பார்க்கும்படி வையுங்கள். பீலி, மலசலகூடம், வீட்டு வாசல் ஆகியன படத்தில் விழக்கூடாது. இடத்தைத் தெரிவதில் பெண்களின் சம்மதம் கட்டாயம். கெமரா இருப்பதைத் தமிழிலும் சிங்களத்திலும் பலகையில் எழுதி வையுங்கள்.

3. பதிவைத் திறக்கும் கடவுச்சொல் ஒருவரிடம் மட்டும் இருக்கக் கூடாது. இருவர் சேர்ந்தே திறக்க வேண்டும். அவர்களில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். யார், எப்போது, ஏன் பார்த்தார் என்பதைப் பதியுங்கள். முறைப்பாடு இல்லாத பதிவுகளை 30 நாளில் அழித்துவிடுங்கள்.

4. சந்தேகத்துக்குரியவரின் படத்தை வட்ஸ்அப்பிலோ முகநூலிலோ போடாதீர்கள். ஒருவரை அடையாளம் காட்டும் படம் தனிப்பட்ட தரவாகும் என்பதை 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் நோக்கில் நினைவிற் கொள்ளுங்கள். தவறாக அடையாளம் காணப்பட்ட ஓர் இளைஞனின் பெயரை யாரால் மீட்டுத் தர முடியும்?

5. கெமராவின் கடிகாரம் சரியாக இருக்கட்டும். நேரம் குறித்துப் பொலிஸாருக்கு எழுத்து மூலம் கொடுத்து, ஒரு பிரதியை வைத்திருங்கள். ஒலி, ஒளிப் பதிவுகளை நீதிமன்றம் ஏற்க 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம் வழி செய்கிறது. ஆனால் கருவி ஒழுங்காக இயங்கியது என்றும், பதிவு மாற்றப்படவில்லை என்றும் காட்ட வேண்டும்.

6. சேர்த்த பணம் முழுவதையும் கருவிக்குச் செலவிடாதீர்கள். பெற்றரி, இணைப்புக் கட்டணம், பழுதுபார்ப்பு என்பவற்றுக்கு ஒரு பங்கை ஒதுக்குங்கள். அதிகம் கொடுத்தவரின் வீட்டு முன்னால் கெமரா நிற்க வேண்டும் என்ற நியதி இல்லை. கணக்கை அறிவித்தற் பலகையில் ஒட்டுங்கள். பிரதேச சபையின் பணமும் சேர்ந்திருந்தால், 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரஜையும் அச்செலவைப் பற்றிக் கேட்கலாம்.

7. ஆறு மாதத்துக்குப் பின்னர் பழைய குறிப்பேட்டோடு ஒப்பிடுங்கள். களவு குறையாவிட்டால் அல்லது அடுத்த லயனுக்கு நகர்ந்திருந்தால் திட்டத்தை மாற்றத் தயங்காதீர்கள்.

யார் யாரைப் பார்க்கிறார்?

கடைவீதியில் இருப்பவர்கள் பணம் போட்டு, கெமராவை லயனின் வழியை நோக்கித் திருப்பினால், அங்கு பாதுகாப்பு வளராது, சந்தேகமே வளரும். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் கலந்து வாழும் நமது மாவட்டத்தில் அச்சந்தேகம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2018இல் கண்டோம். ஆகவே கெமராவைப் பார்க்கும் குழுவில், அதனால் பார்க்கப்படும் மக்களும் இடம்பெற வேண்டும்.

தன் சகோதரனைப் பற்றி இறைவன் வினவியபோது காயீன் பொறுப்பைத் தட்டிக்கழித்ததைத் திருமறையில் வாசிக்கிறோம். அயலவரைக் காக்கும் அப்பொறுப்பை ஒரு கம்பத்தின்மேல் ஏற்றி வைத்துவிட்டு நாம் வீட்டுக்குள் போய்விட முடியாது. கருவி நமக்குத் துணை நிற்கலாம். காவல் நம்முடையதே.

குழுக் கலந்துரையாடலுக்கு

1. கடந்த ஆறு மாதத்தில் நமது ஊரில் நடந்த களவுகளில் எத்தனை இருட்டான இடத்தில் நடந்தவை?

2. நமது பாதைக்குத் தெருவிளக்குக் கேட்டுப் பிரதேச சபைக்கு எழுதினோமா? பதில் கிடைத்ததா?

3. இரவு ஒரு மணிக்கு ஒருவர் உதவி கேட்டுக் கூப்பிட்டால் நமது லயனில், நமது வீதியில் முதலில் கதவைத் திறப்பவர் யார்?