பொய்யீ கட்டுவோரின் கைச்சிக்கனம்

மலைநாட்டின் குளிர்ந்த ஓடைகளில் 'ட்ரவுட்' மீனை ஆங்கிலேயர் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் கொணர்ந்து விட்டனர். ஒஹியாவை அடுத்த ஹோட்டன் சமவெளியிலும் அது வளர்ந்தது. தூண்டில் முள்ளில் இறகும் நூலுங் கொண்டு கட்டிய பொய்யீயால் அதனைப் பிடிப்பது அன்னார் வழக்கம்.

இக்கைத்தொழிலில் நேரத்தைப் பெரிதும் விழுங்குவன பொருளைத் தேடுதலும் கத்தரிக்கோலை வைத்தெடுத்தலுமே. ஆதலின் தேர்ந்தோர் முதலிற் பொறுக்குவர். ஓரளவான முட்கள் பன்னிரண்டை எண்ணி வைப்பர். சேவலின் கழுத்திறகை வளைத்து, அதன் இழை முள்ளின் வாயகலத்தைப்போல் ஒன்றரை மடங்கு உளதா எனப் பார்த்து, அடியிலுள்ள பஞ்சுத் தூவியை உரிப்பர். பன்னிரண்டிற்கும் வேண்டியவற்றை வால், உடல், கழுத்து எனக் கட்டும் வரிசையிலேயே அடுக்குவர்.

பின்னரே முள் குறட்டில் ஏறும். நூற்சுருளைத் தாங்குங் கருவி தன் எடையால் தொங்கி நூலைத் தளரவிடாது காப்பதால் இரு கைகளும் விடுபடும். கத்தரிக்கோலோ விரலிற் கோத்தபடியே இருக்கும். மெழுகிட்ட நூல் நழுவாது. நாலைந்து சுற்றே போதும். மிகுந்த சுற்று ஈயைத் தடிப்பாக்கி, முடிச்சுக்குரிய இடத்தையுங் கவரும்.

சால்மன் மீனுக்குரிய பொய்யீகளில் தென்னிந்தியச் சாம்பற் காட்டுக்கோழியின் கழுத்திறகு பெயர் பெற்றது; அதன்பொருட்டு அப்பறவைகள் பல மடிந்தன. இன்று அவை சட்டத்தின் காவலில் உள்ளன. வீட்டுச் சேவலின் இறகாயினும் ஒன்றேனும் வீணாகாது கொள்ளுதல் அறம்.

நம் தோட்டங்களிற் கொழுந்து பறிக்குந் தாய்மாரும் இந்நெறியினரே: இரு கைகளும் ஒருங்கே பறிக்கும்; கை நிறைந்த பின்னரே கூடையை நாடும். மாணவர் இதனைக் கண்டு தெளிவாராக.